கிராவல் அடிக்கிற சைக்கிள்

கிராவல் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று மாமியார் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, படப்பை மனைக்குக் கிராவல் அடிக்கணும்னு சொல்லிட்டிருந்தீங்களே, அதுக்கா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நம் ஊரில் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளை. பள்ளமான மனையைத் தூக்க நாலு லோடு அடிப்பார்கள். 'ஏரியில் கிராவல் மண் கடத்தல், இரண்டு லாரிகள் பறிமுதல்' என்று வாரம் ஒரு செய்தியாவது வரும். அந்தப் பெயரில் ஒரு சைக்கிள், அதுவும் எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது. வீட்டில் விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, மலை சைக்கிளின் தடித்த டயர், இரண்டையும் சேர்த்தால் கிராவல் சைக்கிள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-இல் சில பேர் சேர்ந்து மண் பாதையில் 200 மைல் பந்தயம் ஓட்டப்போக, அதிலிருந்து பற்றிக்கொண்ட மோகம் இது. 2022-இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டார்கள். என் பழைய சைக்கிளின் டயர் 25 மில்லிமீட்டர். அதில் 90 பி.எஸ்.ஐ. வரை காற்றடிப்பேன். இதன் டயர் 40 மில்லிமீட்டர், காற்று 33. டயர் தடிமனாகவும் காற்று குறைவாகவும் இருப்பதால் கல்லில் ஏறும்போது சக்கரம் துள்ளுவதில்லை. டயர் நசுங்கிக்கொடுத்துக் கல்லை விழுங்கிவிடுகிறது. முதுகு வலிக்கிற நாற்பத்துநாலு வயசுக்காரனுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஆனால் உண்மையான காரணம் முட்டுக்காடு.

ஐந்து வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓட்டியவன் நான். அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் முட்டுக்காடு பாலம் ஒரு சடங்கு. பாலத்தின் நடுவில் வண்டியைக் கைப்பிடிச் சுவரில் சாய்ப்போம். இந்தப் பக்கம் படகுகள் மிதக்கும் காயல், அந்தப் பக்கம் கடல். போட்டோ எடுப்போம், போய்விடுவோம். நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தெற்கே எதுவரை போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பாலத்தின் மேல் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகிறவனுக்குக் காயல் நாற்பது விநாடி.

என் மச்சான் (மனைவியின் தம்பி) வரைபடம் பார்க்கிற ஆள். ஒரு நாள் செல்போனில் செயற்கைக்கோள் படத்தை விரித்துக் காட்டினான். "மாமா, இதைப் பாருங்க. பாலத்துகிட்ட இது வெறும் வாய். உடம்பு பூரா தெற்கால படுத்திருக்கு." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கோவளத்துக்குப் பின்னால், கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, தையூர், திருப்போரூர் பக்கமெல்லாம் சாம்பலும் பச்சையுமாகத் தண்ணீர், சேறு, உப்பளப் பாத்திகளின் கட்டங்கள். நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல பக்கிங்ஹாம் கால்வாய். மேற்கே ஓ.எம்.ஆரை (பழைய மாமல்லபுரம் சாலை) தாண்டினால் குன்றுகள். "தார் ரோட்டைத் தொடாம இந்தத் தண்ணியை ஒரு சுத்து வர முடியுமா?" என்று கேட்டான்.

முடியாது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடமும் நாலு முயற்சியும் ஆனது. இது நாலாவது முயற்சியின் கதை. மாசி மாதம், ஒரு சனிக்கிழமை.

மேடவாக்கத்திலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பினோம். எங்கள் தெரு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. மூன்று நாள் மாடியில் இருந்தோம். கழிமுகத்தைச் சுற்றக் கிளம்பியவன் எதற்கு வெள்ளக்கதை சொல்கிறான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் இருக்கும் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயில் தெற்கே போய், கோவளம் முகத்துவாரத்தில் கடல். அதாவது எங்கள் கூடத்தில் நின்ற தண்ணீர் வடிந்த வாசல், நான் போட்டோ எடுத்த அதே பாலத்துக்குக் கீழே இருந்தது. மச்சான் அந்த நீல நிறக் கோட்டை விரலால் இழுத்துக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை என்னைப் பொறுத்தவரை வெள்ளம் மாநகராட்சி சம்பந்தப்பட்ட விஷயம், காயல் சுற்றுலாத் துறை சம்பந்தப்பட்ட விஷயம்.

விடியும்போது முட்டுக்காட்டில் இருந்தோம். முகத்துவாரத்தில் மணல்திட்டு கிட்டத்தட்ட மூடிவிட்டிருந்தது. இடையில் ஒரு சின்ன ஓடை மட்டும். கணுக்கால் நனைய ஒருவர் வலையோடு கடந்துபோனார். இந்தக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை திரும்பும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியதும் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதும் இதே மணல் ஓட்டத்தால்தான். காயலுக்குள் வெள்ளம் வந்து தள்ளாத மாதங்களில் மணல் ஜெயிக்கும், வாய் மூடும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பி வரும்போது தண்ணீர் ஜெயிக்கும். வலைக்காரரிடம், எப்போது திறக்கும் என்று கேட்டேன். "அது திறக்கிறப்போ திறக்கும் சார்" என்றார். இதைவிடச் சரியான பதிலைப் பிறகு எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டி, தாரை விட்டு இறங்கி, கால்வாய்க் கரையைப் பிடித்தோம்.

பக்கிங்ஹாம் கால்வாயைக் கூவத்துக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கம் வந்தால் அடையாளம் தெரியாது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கிய வெட்டு. பிறகு துண்டு துண்டாக இரண்டு பக்கமும் நீண்டது. 1877-78-இல், பெரும்பஞ்சக் காலத்தில், கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்களை வைத்து வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. பெயர் அவருக்குப் போனது. மண் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் படகில் இதில்தான் சென்னைக்குப் போயின. இப்போது கரையின் மேல் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு தடம். ஆடு மேய்ப்பவர்களும் நண்டு பிடிப்பவர்களும் போட்ட தடம். சைக்கிளுக்கு அது ராஜபாட்டை.

முதல் மூன்று கிலோமீட்டர் சொர்க்கம். இடதுபக்கம் சேற்றில் பவளக்கால் உள்ளான்கள், சிவப்புக் குச்சிக்கால்களை எண்ணி எண்ணி வைத்து நடந்தன. தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை. மச்சான் கொக்கு என்றான், நான் பூநாரை என்றேன். பறந்தபோது இறக்கைக்குள் ரோஜா நிறம் தெரிந்தது. பந்தயம் ஒரு டீ, ஜெயித்தேன். நாங்கள் பேசாமல் மிதித்தவரை பறவைகள் கண்டுகொள்ளவில்லை. சைக்கிளை நிறுத்தி இறங்கினால்தான் எழும்பின. அவற்றுக்கு நகர்கிற மனிதனைவிட நிற்கிற மனிதன் மேல்தான் சந்தேகம் போலிருக்கிறது.

நாலாவது கிலோமீட்டரில் சீமைக் கருவேலம்.

வெளிநாட்டு கிராவல் வீடியோக்களில் கூர்மையான கல் டயரைக் கிழிப்பதாகக் காட்டுவார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து பாருங்கள் ஐயா. இங்கே கல் ஒன்றும் செய்யாது, முள்தான் எல்லாம். என் டயர் டியூப் இல்லாத வகை. உள்ளே வெள்ளையாக ரப்பர்ப்பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் அது கசிந்து வந்து ஓட்டையில் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். அன்று அப்படி ஆறு முள்ளை அடைத்தது. ஏழாவதாக ஒரு முறிந்த கிளை டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. பக்கவாட்டில் கிழிந்தால் எந்தப் பாலும் ஒன்றும் செய்ய முடியாது. பால் பீய்ச்சியடித்து என் காலிலும் மச்சானின் புதுச் சட்டையிலும் கோலம் போட்டது. மாற்று டியூப் கொண்டுவந்திருந்தேன். காற்றடிக்கும் பம்பை முந்தின நாள் என் பெண் தன் பள்ளிக்கூட சைக்கிளுக்கு எடுத்துப்போய்த் திருப்பி வைக்கவில்லை. பையைத் திறந்து பார்க்காமல் கிளம்பியவன் நான்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மச்சானின் பம்ப் என் வால்வுக்குப் பொருந்தவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அப்படி நடந்ததால்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் ஓர் இருளர் பெண், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு கையும் தண்ணீருக்குள். சேற்றைத் தடவித் தடவி நகர்ந்தார். சட்டென்று ஒரு கை மேலே வரும், விரலிடுக்கில் ஓர் இறால் துடிக்கும், பறிக்குள் போகும். வலை இல்லை, தூண்டில் இல்லை. பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தேன். ஓர் இறால்கூடக் கை தவறவில்லை. கரையேறியபோது பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதலில் கேட்டது, "என்னாச்சு, காத்து பூடுச்சா?"

ஆமாம் என்றேன். எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு என்று எல்லோரும் கேட்கும் கேள்விகளை அவர் கேட்கவில்லை. "முள்ளு மேல ஏன் ஓட்டினு வர்றே? தண்ணி வத்தி கெடக்கு பாரு, சேத்தோரமா போனா முள்ளே இல்ல" என்றார். இரண்டு வருடமாகச் செயற்கைக்கோள் படத்தில் நாங்கள் தேடிய பாதை அது. வெள்ளம் வடிந்து, மேல்சேறு காய்ந்து ஓடாக வெடித்து, அடியில் இன்னும் கெட்டியாக இருக்கிற அந்த ஓரம். மாசியில் இருக்கும், கார்த்திகையில் இருக்காது. வரைபடத்தில் காயலுக்குக் கரை என்று ஒரு கோடு இருக்கிறது. அந்த அம்மாவின் காயலுக்கு அப்படி நிலையான ஒரு கோடு கிடையாது. மாதத்துக்கு ஒரு கரை.

இறால் எப்படிப் போகிறது என்று கேட்டேன். வாய் மூடிக்கொண்டால் குறைந்துவிடும் என்றார். கடலும் மழைத்தண்ணீரும் கலந்தால்தான் இறால்; வெறும் கடலாக இருந்தாலும் சரிப்படாது, வெறும் மழைத்தண்ணீரானாலும் சரிப்படாது. இதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "உப்பும் வேணும், உப்பு கொறைவாவும் வேணும்." முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று இருக்கிறது, கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிற வித்தையெல்லாம் அங்கே செய்கிறார்கள். அவர்கள் கருவியில் அளப்பதை இந்த அம்மா நாக்கில் அளக்கிறார்.

கோவளம் சாலைக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. கேளம்பாக்கம் போகிற வழியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டயரைக் கழற்றி உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுல டியூப்பே இல்லியே சார். நான் எதை ஒட்டுறது?"

கடைசியில் ஒரு பழைய லாரி டியூப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டி, என் மாற்று டியூப்பைப் போட்டு, வால்வுக்கு எங்கிருந்தோ ஒரு பித்தளைத் திருகு தேடி எடுத்துக் காற்றடித்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய். அந்த லாரித் துண்டு இன்றைக்கும் என் டயருக்குள் இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

அடுத்தது உப்பளம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கோவளம்-கேளம்பாக்கம் சாலையின் இருபக்கமும் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். வரப்புகளில் சைக்கிள் ஓட்டலாமா என்று காவலாளியிடம் கேட்டோம். கேட்காமல் ஏறுவது தப்பு; அது பிறர் பிழைப்பு நடக்கும் இடம், ஒரு வரப்பு உடைந்தால் ஒரு வாரக் கூலி போகும். "பெரிய வரப்புல போங்க, சின்ன வரப்புல ஏறாதீங்க" என்றார். சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாத்திகளைச் சேறு எடுத்து, மிதித்து, தரையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

உப்பு எடுப்பது வெயில் காயவைக்கிற வேலை என்றே நினைத்திருந்தேன். அது தண்ணீரை ஒவ்வொரு பாத்தியாக நடத்திக் கூட்டிப்போகிற வேலை. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்குதான். முதல் பெரிய பாத்தியில் நிறுத்தி வெயிலில் வற்றவிடுவார்கள். அடுத்ததுக்கு மாற்றுவார்கள். போகப் போகத் தண்ணீர் கனக்கும். உப்புக்கு முன்னால் ஜிப்சம் படியும். அதை வழியிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் உப்பு சுத்தமாக வரும். பாமே அளவில் (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) 25 டிகிரிக்கு வந்ததும் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். பூக்கும் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மேலும் வற்றவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதுதான் தொழில். காவலாளி ஒரு பாத்தியில் விரல் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் பத்து நாள்" என்றார். நானும் நக்கிப் பார்த்தேன். எனக்குக் கரித்தது, அவ்வளவுதான்.

நெய்தல் திணையைப் பள்ளிக்கூடத்தில் 'கடலும் கடல் சார்ந்த இடமும்' என்று மனப்பாடம் செய்தோம். கழி, கானல், உமணர் வண்டி என்றெல்லாம் தேர்வுக்குப் படித்தேன். அந்தக் கழி என்கிற சொல்லுக்குப் பொருள் உப்பளத்து வரப்பில் சைக்கிள் மிதிக்கும்போதுதான் கிடைத்தது. உப்பங்கழி. கடலும் இல்லை, கரையும் இல்லை. சைக்கிளை நிறுத்தி இதை மச்சானிடம் சொன்னேன். அவன் அப்போது பெரிய வரப்பிலிருந்து சின்ன வரப்புக்குக் குறுக்கு வழி தேடி, சேற்றில் முன்சக்கரம் பாதி மூழ்க நின்றுகொண்டிருந்தான். சங்க இலக்கியத்துக்கு நேரம் சரியில்லை.

களிமண் கிராவல் சைக்கிளுக்குப் பரம விரோதி. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுழலாது. குச்சியால் குடைந்து எடுக்க அரை மணி நேரம். காவலாளி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்பது அந்தத் தூரத்தில் தெரியவில்லை, தெரியாதது நல்லதுதான்.

கேளம்பாக்கத்தில் இட்லி, வடைகறி. தோற்ற டீயை மச்சான் வாங்கிக்கொடுத்தான். பிறகு ஓ.எம்.ஆரைக் குறுக்கே கடந்து மேற்கே காயார் பக்கம் திரும்பினோம்.

மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். கரடுகள்தான். ஆனால் வயது என்று வந்தால் யாரும் கிட்டே வர முடியாது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் என்று தொடங்கித் தெற்கே இப்படித் தலை நீட்டும் குன்றுகள் பலவும் சார்னோக்கைட் என்கிற பாறை; சுமார் 250 கோடி ஆண்டு பழசு. பெயரின் கதை வேடிக்கை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்திய கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இங்கிருந்து கல் போயிருக்கிறது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்து, பாறைக்கு சார்னாக்கின் பெயரை வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர். கால்வாய்க்கு நடந்ததேதான் இதற்கும்.

கருங்கல் ஜல்லி என்று நாம் வீடு கட்ட வாங்குவதும் பெரும்பாலும் இதுதான். அப்புறம் கிராவல். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கிராவல் குழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவில் இவ்வளவு பழைய காலத்து மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் அத்தாட்சி, டிப்பர் லாரிக்காரர் மனையில் கொட்டுகிற அந்தச் செஞ்சரளைக்குள் கிடந்தது. மாமியாரிடம் இதை ஒரு நாள் சொன்னேன். "அப்போ படப்பை மனையிலயும் தேடிப் பாருங்க" என்றார்.

காயாரிலிருந்து இள்ளலூர் பக்கம் போகும் வழியில் தாரும் மண்ணும் மாறி மாறி வரும். செஞ்சரளை காய்ந்து உருண்டையாக உதிர்ந்து கிடந்தால் மிளகு மேல் ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும். இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிற கைதான் முதலில் சறுக்கி விழும். எனக்கு விழுந்த அனுபவம் உண்டு, முழங்கையில் தழும்பும் உண்டு. காப்புக்காட்டுப் பலகை வரும் இடத்தில் ஊர்ப்பாதையை விட்டு உள்ளே போகவில்லை. அனுமதியில்லாமல் காட்டுக்குள் டயர்த்தடம் போட்டு அதைப் பெருமையாக இணையத்தில் ஏற்றுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு; அவர்களால்தான் நாளைக்கு எல்லோருக்கும் கதவு மூடும்.

பத்தரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஒரு ஏரிக்கரையில் புளிய மரத்தடியில் படுத்துவிட்டு, திருப்போரூர் வந்தபோது மதியம் பன்னிரண்டு. கந்தசாமி கோயில் குளக்கரையில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பிரணவ மலைக்குப் படியேறினோம். சைக்கிள் செருப்பின் அடியில் இரும்புக் கட்டை இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஏறியதில் பாதம் வெந்தது. ஆனால் மேலே நின்று கிழக்கே பார்த்தபோது நான் அன்று வந்த வழி முழுக்க ஒரே பார்வையில் தெரிந்தது. முதலில் ஊர், அப்புறம் பச்சை, அப்புறம் சாம்பல் நிறத்தில் அகன்று கிடக்கும் கழி, அதற்கப்பால் சவுக்குத் தோப்பின் மெல்லிய இருட்டுக்கோடு, கடைசியில் கடல். குன்றில் விழுகிற மழை ஏரிக்கு இறங்கி, ஏரி வழிந்து கழிக்குப் போகிறது. காலையில் தண்ணீரோடு ஒட்டிப் போனபோது மேற்கே மலை இருப்பதே நினைவில்லை. மேலே நின்றபோதுதான் நாங்கள் சுற்ற நினைத்தது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அந்த அம்மாவின் பறி இந்த மலையிலிருந்தே தொடங்குகிறது.

மச்சான் வேறொன்றைக் கவனித்தான். "இந்தத் தண்ணியைத்தான் மாமா டேம் ஆக்கப் போறாங்க."

2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்த புதிய நீர்த்தேக்கம். 4,375 ஏக்கரில், 1.6 டி.எம்.சி. கொள்ளளவில், சென்னைக்குக் குடிநீர். கடலுக்குப் போகிற மழைநீரை நிறுத்தி நன்னீராக வைப்பது திட்டம். இதில் எனக்கு ஒரே மனசாக ஒரு பக்கம் நிற்க வரவில்லை. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு நாங்கள் லாரித் தண்ணீருக்கு இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்தவர்கள். இதோ கீழே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் பக்கத்திலேயே இன்னொரு 15 கோடி லிட்டர். அவ்வளவு மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறோம், வானம் உப்பில்லாமல் கொடுப்பதைக் கடலுக்கு விடுகிறோம் என்றால் கணக்குப் பார்க்கிற எனக்கு உறுத்துகிறது. ஆனால் காலையில் ஒருவர் "உப்பும் வேணும், உப்பு கொறைவாவும் வேணும்" என்று சொல்லியிருந்தார். நன்னீர் நிற்கிற இடத்தில் அந்த இறால் நிற்காது. திட்டத்தின் பார்வையில் கழி என்பது வீணாகக் கிடக்கும் தண்ணீர். படியில் உட்கார்ந்து நானும் மச்சானும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவன் அணைக்கட்சி. வெயில் தாங்காமல் இரண்டு கட்சியும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டன.

திருப்போரூரிலிருந்து நெம்மேலி சாலையில் கழியைக் குறுக்கே கடந்தோம். எதிர்க்காற்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பி நேராக முகத்தில் அறைந்தது; ஆறு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

நெம்மேலியிலிருந்து வடக்கே, கழியின் கிழக்குக் கரையில் கோவளம் போய்விட்டால் சுற்று முடிந்தது. ஈ.சி.ஆரைத் தொடாமல், அந்த அம்மா சொன்ன சேற்றோரத்தைப் பிடித்துப் போனோம். முள்ளே இல்லை. மேல் ஓடு டயருக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஐந்து கிலோமீட்டர் அப்படிப் போனோம். இந்த முறை முடித்துவிடுவோம் என்று மச்சான் பாட ஆரம்பித்துவிட்டான். கோவளத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு காம்பவுண்டுச் சுவர் குறுக்கே வந்தது.

வரைபடத்தில் அது இல்லை. சுவர் நேராகச் சேற்றுக்குள் இறங்கி, தண்ணீருக்குள் இருபதடி போய் நின்றது. சுவரின் கடைசித் தூணில் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. மனை விற்பனைப் பலகையில் வெயிலில் வெளிறிய நீலத்தில் 'காயல் காட்சி' என்று எழுதியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். புதிதாகக் கிராவல் அடித்திருந்தார்கள், நல்ல செஞ்சரளை, இரண்டடி உயரத்துக்கு. கழிக்கும் மனைக்கும் நடுவே அந்தச் சுவர்தான்.

தண்ணீரில் இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கிச் சுற்றிப் போகலாம் என்றான் மச்சான். சுவருக்கப்பால் நாய்கள் குரைத்தன, ஒன்றல்ல, ஏழெட்டு. திரும்பி வந்து ஈ.சி.ஆரைப் பிடித்தோம். அந்த மூன்று கிலோமீட்டர் இன்னும் பாக்கி.

வீடு வந்தபோது சாயங்காலம் ஐந்தரை. மீட்டரில் 104 கிலோமீட்டர். சைக்கிளின் அடிச்சட்டத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, செயினில் ஏற்கெனவே துரு எட்டிப் பார்த்தது. உப்பளம் போய் வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் திருகெல்லாம் அரித்துவிடும். வாசலில் நிறுத்தி வாளியில் தண்ணீர் ஊற்றினேன். காயாரின் செம்மண்ணும் கோவளத்துச் சாம்பல் களியும் கலந்து வழிந்து, வாசல்படியிலிருந்து தெருவுக்கு இறங்கி, வடிகால் மூடியின் ஓட்டையைத் தேடிப் போயின.

மாமியார் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராவலை நம்ம வாசல்லயே அடிச்சுட்டீங்களா மாப்பிள்ளை? இன்னும் ரெண்டு வாளி ஊத்துங்க, எல்லாம் போயிடட்டும்."